எங்க பாப்பா எழுதுன விலங்குக் கதை புக்கு: எல்லாரும் கேக்குற கேள்விங்களும் பதிலும்

எங்க பொண்ணுக்கு ஒம்பது வயசு, நாலாவது படிக்குறா. வீடு ராயபுரம், காசிமேடு துறைமுகத்துக்கு நடந்தே போயிடலாம். ஒரு வருஷமா நோட்டுல எழுதி வரைஞ்ச ஏழு கதைய சேத்து அட்டையோட 36 பக்கத்துல ஒரு சின்ன புக்கா போட்டோம். நான் ஒரு ஜெராக்ஸ் டிடிபி கடைல வேலை பாக்குறதால டைப்பிங், லேஅவுட் எல்லாம் நானே பண்ணேன். புக்க வாங்குனவங்க, வாட்ஸப்ல அட்டைய பாத்தவங்க எல்லாம் ஒரே மாதிரி கேள்வியா கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போட முடியல, அதான் எல்லாத்தையும் இங்க ஒண்ணா எழுதிட்டேன்.

நெஜமாவே பாப்பா தான் எழுதுச்சா? நீங்க எழுதிட்டு அவ பேர சொல்றீங்களா?

அவ தான் எழுதுனா. இந்த கேள்வி தான் அதிகமா வருது, அதனால கொஞ்சம் வெவரமா சொல்றேன். அவ மொதல்ல படம் தான் போடுவா, படத்துல இருக்குற பூனை ஏன் மொறைக்குதுன்னு நாம கேட்டா அப்புறம் தான் கதை வரும். பழைய டைரில ஒரு பக்கம் படம், எதிர் பக்கம் கதைன்னு அவளே பழக்கிக்கிட்டா. அந்த டைரி மூணும் அப்படியே வெச்சுருக்கேன், யார் வந்து கேட்டாலும் காட்டுவேன்.

நான் செஞ்சது ரெண்டே வேலை. டைப் பண்ணும்போது எழுத்துப்பிழைய திருத்துனேன், மூச்சே விடாம போற எடத்துல புள்ளி வெச்சேன், அவ்ளோ தான். ஆனா படத்துக்குள்ள அவ கையால எழுதுன எதையும் தொடல. பூனைக்கு பெரிய ணகரம் போட்டுருப்பா, அது அப்படியே இருக்கு. அது ஒம்பது வயசு கை, அடுத்த வருஷம் அந்த கை மாறிடும், மறுபடி எனக்கு கெடைக்காது.

ஏழு கதையும் எதப் பத்தி?

மொத கதை காசிமேட்டு பூனைய பத்தி. எங்கம்மா அங்க ஏலத்துல மீன் எடுத்து விக்குறவங்க, விடியக்காலைல பாப்பாவும் சில நாள் கூடப் போவா. வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம் இல்லையா, விசைப்படகு எல்லாம் கரைல வரிசையா கட்டிக் கெடக்கும், பூனைக்கு ஒண்ணுமே புரியாது. ஏன் யாரும் கடலுக்கு போகல, ஏன் தரைல ஒரு நெத்திலி கூட சிந்திக் கெடக்கலன்னு அது ஒவ்வொரு படகா ஏறி எறங்கிக் கேக்குது. ஒரு பழைய படகு தான் சொல்லுது, உள்ள மீனெல்லாம் முட்டை போடுற நேரம், இப்ப அள்ளிட்டா அப்புறம் ஒனக்கும் இல்ல எனக்கும் இல்லன்னு. பூனை கோவமா போயி ஃபைபர் படகு வர்ற பக்கமா உக்காந்துக்குது, ஏன்னா அந்த மாதிரி சின்ன படகுக்கு தடை கெடையாது, கரையோரமா போயிட்டு கொஞ்சமா மீனோட வருவாங்க. பூனை செவுத்துல நகத்தால கோடு போட்டு நாள் எண்ணுற படம் ஒண்ணு இருக்கு, 61 கோடு சரியா இருக்கும், எண்ணிப் பாத்துக்கோங்க. ஒரு கோடு கொறஞ்சுடுச்சுன்னு அழுதுட்டு மறுபடி மொதல்ல இருந்து போட்டா.

மத்ததெல்லாம் சுருக்கமா: ஓடு கழட்டுன நண்டு வெக்கப்பட்டு ஒளிஞ்சுக்குற கதை, குயில் முட்டைய தெரியாம அடை காக்குற காக்கா, வயித்துல குட்டிங்கள சொமக்குற அப்பா கடல்குதிரை, வியாசர்பாடி மொட்டமாடிக்கு லேட்டா திரும்பி வர்ற ரேஸ் புறா, ரோட்டு லைட்ட கடல்னு நெனச்சு தப்பான பக்கம் நடக்குற ஆமைக்குஞ்சு, கடைசியா எண்ணூர் கூழைக்கடா.

சிங்கம், யானை, முயல் எல்லாம் இல்லையே? கொழந்த புக்குன்னா அது தானே இருக்கும்?

அவ சிங்கத்த பாத்தது வாழ்க்கைல ஒரே தடவை, வண்டலூர்ல, அதுவும் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. எங்கம்மா சின்ன வயசுல நெலம வேற. அப்ப ஜூ பார்க் டவுன்ல மூர் மார்க்கெட் பக்கத்துலயே இருந்துச்சு, 1985ல தான் வண்டலூருக்கு மாத்துனாங்க. ராயபுரத்துல இருந்து நடந்தே போயி புலி பாத்துட்டு வருவோம்னு அம்மா சொல்லும். அந்த காலத்து மெட்ராஸ்காரங்க எழும்பூர் மியூசியத்த செத்த காலேஜுன்னும் ஜூவ உயிர் காலேஜுன்னும் சொல்வாங்க, அம்மா இன்னும் அப்படித்தான் சொல்லுது.

ஆனா பாப்பாவுக்கு தெனமும் கண்ணுல படுறது பூனை, காக்கா, நண்டு, புறா. தெரிஞ்சத எழுதுனா தான் அதுல சின்ன சின்ன விஷயம் வரும். பூனை மீன் தலைய எந்தப் பக்கத்துல இருந்து கடிக்க ஆரம்பிக்கும்னு அவ எழுதிருக்கா பாருங்க, காட்டுல இருக்குற சிங்கத்த பத்தி அவளால அப்படி எழுத முடியாது, என்னாலயும் முடியாது.

நண்டுக்கு பத்து கால் வரைஞ்சுருக்கே, எட்டு தானே?

பத்து தான். முன்னாடி இருக்குற ரெண்டு கொடுக்கும் கால் கணக்குல தான் வரும். இதுல ஒரு நாள் முழுக்க சண்டை நடந்துச்சு வீட்டுல. அவ மொதல்ல எட்டு தான் வரைஞ்சா, எங்கம்மா பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, மறுநாள் காலைல ஒரு நீல நண்ட கொண்டாந்து தட்டுல கவுத்துப் போட்டு எண்ணுடின்னாங்க. எண்ணும்போது தான் இன்னொண்ணும் பாத்தா, கடைசி ஜோடி கால் மட்டும் தட்டையா துடுப்பு மாதிரி இருக்கு, நீந்துறதுக்கு. புக்குல அந்த காலுக்கு அவ துடுப்பு போடுற அண்ணன் மாதிரி பனியன் மாட்டி விட்டுருக்கா, அந்த ஐடியா தட்டுல இருந்த நண்டப் பாத்து வந்தது தான்.

நண்டு வளரணும்னா பழைய ஓட்ட கழட்டியே ஆகணும், ஓடு வளராது. புது ஓடு கெட்டியாகுற வரைக்கும் ஒடம்பு மெத்துனு இருக்கும், யார் வேணா தின்னுடலாம், அதனால ஒளிஞ்சுக்கும். கதைல வர்ற வெக்கம் அவ கற்பனை, ஒளியறது நெஜம்.

பாடுறது ஆண் குயிலா? நாங்க அம்மா குயில்னு தானே சொல்லிக் கொடுத்தோம்?

இது எனக்கே தெரியாது, உண்மைய சொல்றேன். கூ கூன்னு ஏத்தி ஏத்தி கூவுறது ஆண் குயில், அது தான் கருப்பா இருக்கும், கண்ணு செவப்பு. பொண்ணு குயில் பழுப்பு நெறத்துல வெள்ளப் புள்ளி புள்ளியா இருக்கும், நெறைய பேரு அத குயில்னே அடையாளம் கண்டுக்க மாட்டாங்க. பாப்பா மொதல்ல கருப்பு குயிலுக்கு பொட்டு வெச்சு அம்மா குயில் பாடுதுன்னு எழுதிருந்தா. லைப்ரரில ஒரு பறவை புக்க பாத்துட்டு வந்து நான் சொன்னேன், மாத்துறதா வேணாமா நீயே சொல்லுன்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் பேசல. அப்புறம் அவளே மாத்துனா: அப்பா குயில் பாடி காக்காவ தொரத்த விடுது, அந்த கேப்புல அம்மா குயில் கூட்டுக்குள்ள முட்டைய வெச்சுட்டு வந்துடுது. இயற்கைல அப்படி நடக்குறதும் உண்டு, கதையும் முன்ன இருந்தத விட நல்லாயிடுச்சு.

நான் புடிச்சுக்கிட்ட வழி இது தான். பேசுற பூனை, பனியன் போட்ட நண்டு, இதுல எதுவும் தப்பு கெடையாது, கதைன்னா அப்படித்தான். ஆனா அந்த பிராணி எப்படி பொறக்குது, எத திங்குது, எத்தன கால்னு வரும்போது அது நெஜமா இருக்கணும். கடல்குதிரைல ஆண் தான் பை மாதிரி இருக்குற எடத்துல முட்டைய வாங்கி அடை காத்து குட்டிய வெளிய விடும், படிக்குறவங்க இதையும் கற்பனைனு நெனச்சுக்குறாங்க, இல்ல.

ஆமைக்குஞ்சு கதைல வர்ற மாதிரி நெஜமா வழி தப்புமா?

தப்பும். நம்ம கரைக்கு வர்றது பங்குனி ஆமை, ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் ராத்திரில ஏறி வந்து மண்ண தோண்டி நூறு முட்டை கிட்ட வெச்சுட்டு போயிடும். ஒன்ற மாசம் கழிச்சு குஞ்சு வெளிய வரும்போது எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நடக்கும், ராத்திரில கடல் தான் கரைய விட வெளிச்சமா தெரியும், அத நம்பி தான் அது நடக்குது. ரோட்டுல லைட்டு எரிஞ்சா அதுவும் கடல்னு நெனச்சு ரோட்டுக்கு வந்துடும். கதைல ஒரு ஆட்டோ அண்ணன் ஹெட்லைட்ட அணைச்சுட்டு செருப்ப கையில எடுத்துக்கிட்டு முன்னாடி நடந்து வழி காட்டுறாரு, அந்தப் படம் தான் எனக்கு புக்குலயே ரொம்ப புடிச்சது.

2025 ஜனவரில சென்னை கரையெல்லாம் நூத்துக்கணக்குல பெரிய ஆமைங்க செத்து ஒதுங்குச்சே, அப்ப தான் இந்த கதை ஆரம்பிச்சுது. ஆமை மூச்சு விட மேல வந்தே ஆகணும், வலைல மாட்டுனா வர முடியாது. அத அவகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியாம நின்னோம். அவ ஆயா, அதாவது எங்கம்மா தான் சொன்னாங்க, மறைக்கல. எங்க தொழிலும் அதுல இருக்குன்னு சொன்னாங்க. பாப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்துட்டு அப்ப குஞ்சாவது போகட்டும்னா.

கடைசி கதை சோகமா இருக்கே. கொழந்தைங்க புக்குல இது வேணுமா?

கூழைக்கடா கதைய தான் சொல்றீங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரம் பூரா கருப்பா படிஞ்சுது, போட்டு, வலை, அலையாத்தி மரம், கூழைக்கடா எல்லாத்து மேலயும். எங்க சொந்தக்காரங்க ஊடு அந்தப் பக்கம் இருக்கு, பாப்பா அந்த கருப்பு படிஞ்ச பறவைய நேர்ல பாத்தா. றெக்கைல எண்ணெய் ஏறிடுச்சுன்னா றெக்கை நனைஞ்சு ஒட்டிக்கும், பறக்க முடியாது, குளிர் தாங்காது, தானே கொத்தி சுத்தம் பண்ணப் போயி எண்ணெய முழுங்கிடும்.

ரெண்டு பேரு இந்த கதைய எடுத்துருங்க, பரிசா கொடுக்க சங்கடமா இருக்குன்னு சொன்னாங்க. நான் எடுக்கல. அவ கண்ணால பாத்தத எழுதிருக்கா, பாத்தது சோகம்னா கதையும் சோகம் தான். வெளி மாநிலத்துல இருந்து வந்த பறவைங்க கூழைக்கடாவ பாத்து நீ எப்படி கருப்பானன்னு கேக்குதுங்க, அது பதில் சொல்லாம தண்ணியவே பாக்குது, அதோட கதை முடிஞ்சுடுது. நான் ஒரு நல்ல முடிவு வைக்கலாமா கண்ணுன்னு கேட்டேன், அவ இல்லம்மா அது இன்னும் முடியலன்னு சொல்லிட்டா.

ஏன் சென்னை பாஷைல இருக்கு? நல்ல தமிழ்ல எழுதிருக்கலாமே?

எது நல்ல தமிழ்? கதை சொல்றவங்க எப்படி சொல்லுவாங்களோ அப்படியும், பூனையும் படகும் பேசிக்கும்போது காசிமேட்டுல எப்படி பேசுவாங்களோ அப்படியும் எழுதிருக்கா. படகு பூனைய பாத்து இன்னாமே கண்ணுன்னு கேக்குது. அத என்னம்மா கண்ணேன்னு மாத்துனா அந்த படகு எங்க ஊரு படகு இல்ல. ஒரு டீச்சர் செவப்பு பேனால பேச்செல்லாம் அடிச்சு திருத்திக் கொடுத்தாங்க, நல்ல எண்ணத்துல தான் பண்ணாங்க, ஆனா புள்ள ஒரு மாசம் டைரிய தொறக்கல. அந்த மாசம் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. பரிட்சைல எழுதுற தமிழ் வேற, அத அவ கத்துக்குவா, கத்துக்கணும். கதைல அவ காதுல விழுந்த தமிழ் இருக்கட்டும்.

படத்த ஒரு ஆர்ட்டிஸ்ட் கிட்ட கொடுத்து நல்லா வரைய வெக்கலாமே? இல்ல ஏஐல போட்டா அஞ்சு நிமிஷத்துல வருமே?

வேணாம். படகோட சைஸுக்கு பூனைய வரைஞ்சுருக்கான்னு சொல்றாங்க. பூனை கதைல பூனை தான் பெருசு, அவளுக்கு அது தெரிஞ்சே தான் வரைஞ்சா. காக்கா கண்ணு ரெண்டும் ஒரே பக்கம் இருக்கும், ஏன்னு கேட்டதுக்கு அது ரெண்டு கண்ணாலயும் முட்டைய பாக்கணும்லன்னா. இத எந்த ஆர்ட்டிஸ்டும் யோசிக்க மாட்டாங்க. ஏஐ படத்துல பளபளன்னு ஒரு பூனை வரும், அது எந்த ஊரு பூனைன்னு யாருக்கும் தெரியாது.

ஸ்கேன், பிரிண்ட் எல்லாம் எப்படி பண்ணீங்க? நாங்களும் போடணும்.

இது என் வேலைங்குறதால நெறைய சொல்லுவேன், பொறுமையா படிங்க.

போன்ல போட்டோ எடுத்து பிரிண்டுக்கு கொடுக்காதீங்க, ஒரு ஓரம் இருட்டா விழும், பேப்பர் கோணலாகும். ஸ்கேனர்ல வெச்சு எடுங்க, அதே சைஸ்ல அச்சடிக்க 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) போதும், சின்ன படத்த பெருசாக்கணும்னா 600ல எடுங்க. மெழுகு கிரேயான்ஸ் ஸ்கேனர் கண்ணாடில ஒட்டும், ஒவ்வொரு தடவையும் தொடச்சுருங்க, இல்லன்னா அடுத்த படத்துல கறை வரும்.

கலர் விஷயம் தான் முக்கியம். ஸ்க்ரீன்ல தெரியறது ஆர்ஜிபி, அதாவது செவப்பு, பச்சை, நீல வெளிச்சம். அச்சுல போறது சிஎம்ஒய்கே, நாலு மைய கலந்து தான் எல்லா கலரும் வரணும். ஃப்ளோரசன்ட் ஸ்கெட்ச் பேனா பச்சை, ரோஸ் எல்லாம் அதுல வரவே வராது, மங்கிடும். எங்களுக்கு மொத தடவை ஒரு பிரஸ்ல கொடுத்து அப்படித்தான் ஆச்சு, ஆமைக்குஞ்சு எல்லாம் சேறு கலர்ல வந்துடுச்சு, மாதிரி பக்கம் காட்டுறேன்னாங்க, காட்டாமலே மொத்தமா ஓட்டிட்டாங்க. பாப்பா ஒண்ணும் சொல்லல, புக்க திருப்பி வெச்சுட்டா, அது தான் எனக்கு தாங்கல. அந்த காப்பி எதையும் வெளிய கொடுக்கல, வேற எடத்துல மறுபடி அச்சடிச்சோம். அதனால சொல்றேன், ஒரு பக்கமாவது அதே பேப்பர்ல, அதே மிஷின்ல அடிச்சு கையில வாங்கிப் பாக்காம ஓகே சொல்லாதீங்க.

நூறு, எரநூறு காப்பிக்கு டிஜிட்டல் பிரிண்ட் போதும், பிளேட் செஞ்சு அடிக்குற ஆஃப்செட்டுக்கு அந்த பிளேட் செலவே கட்டாது, ஆயிரம் கணக்குல போகும்போது தான் அது லாபம். நடுவுல பின் அடிக்குற புக்குன்னா பக்கம் நாலால வகுபடணும், 32, 36, 40ன்னு, இல்லன்னா வெத்து பக்கம் விழும். பேப்பர் பாக்கணும்னா பாரிஸ் ஆண்டர்சன் தெருவுக்கு போங்க, தெரு பூரா பேப்பர் கடை, தொட்டுப் பாத்து எடுக்கலாம். கிரேயான் படத்துக்கு பளபள ஆர்ட் பேப்பர விட சொரசொரப்பான வெள்ளை பேப்பர் தான் எனக்கு புடிச்சுது, வரைஞ்ச டைரி மாதிரியே இருக்கு.

தமிழ் டைப்பிங்ல ஒண்ணு. கொழந்தைங்க புக்குக்கு ரெண்டு பக்கமும் நேரா வர்ற மாதிரி ஜஸ்டிஃபை பண்ணாதீங்க, தமிழ் வார்த்தை நீளம், நடுவுல ஓட்டை ஓட்டையா விழும், புள்ளைங்க படிக்க தடுமாறும். எடது பக்கம் மட்டும் நேரா விடுங்க. வரிக்கு வரி எடம் தாராளமா விடுங்க, தமிழ் எழுத்துக்கு மேல கொக்கியும் உண்டு கீழ சுழியும் உண்டு, ரெண்டும் இடிச்சுக்கும். பழைய சாஃப்ட்வேர்ல யூனிகோட் தமிழ் ஒடைஞ்சு வரும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும், பிடிஎஃப் எடுத்தப்புறம் ஒவ்வொரு வரியா படிங்க.

ஐஎஸ்பிஎன் வாங்கணுமா? காப்பிரைட் யாருக்கு?

ஐஎஸ்பிஎன்னா ஒவ்வொரு புக்குக்கும் தனியா இருக்குற அடையாள நம்பர். கடைல, லைப்ரரில வைக்கணும்னா அது இருந்தா நல்லது. இந்தியால ராஜா ராம்மோகன் ராய் பேர்ல இருக்குற தேசிய ஏஜென்சி தான் கொடுக்குது, ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம், காசு கெடையாது, யாராவது அதுக்கு ஆயிரக்கணக்குல கேட்டா கொடுக்காதீங்க. காப்பிரைட் எழுதுனவங்களுக்கு தான், கொழந்தையா இருந்தாலும் அவளுக்கு தான், 1957 சட்டத்துப்படி அவங்க வாழ்நாள் பூராவும் அதுக்கப்புறம் 60 வருஷமும் இருக்கும். ஆனா 18 வயசு ஆகாதவங்க ஒப்பந்தம் போட முடியாது, பதிப்பகம் யாராவது வந்தா அப்பா அம்மா தான் கையெழுத்து போடணும். போடுறதுக்கு முன்னாடி கதை, படம் ரெண்டும் யார் பேர்ல இருக்கும்னு படிச்சுப் பாருங்க.

என் பையனும் வரைவான், ஆனா கதை எழுத மாட்டேங்குறான். என்ன பண்ணலாம்?

எழுத வேணாம், சொல்ல சொல்லுங்க. அவன் சொல்றத அப்படியே போன்ல ரெக்கார்ட் பண்ணி நீங்க எழுதுங்க, மாத்தாம. படத்த பாத்து இது என்னன்னு கேக்காதீங்க, அவன் மூஞ்சிய சுருக்கிடுவான், இது எங்க போயிட்டு இருக்குன்னு கேளுங்க. முடிஞ்சா விடியக்காலைல காசிமேடு கூட்டிட்டு போங்க. குளிர் மாசத்துல பழவேற்காடு ஏரிக்கு பூநாரை வரும், அதையும் தூரத்துல இருந்து பாக்கலாம், வீட்டுக்கு வந்தப்புறம் ஒண்ணும் கேக்காம பேப்பர மட்டும் எடுத்து வைங்க. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல தமிழ் படக்கதை நெறைய காசில்லாம படிக்கலாம், அச்சடிச்சும் கொடுக்கலாம். ஆனா உக்காந்து எழுதுன்னு மட்டும் சொல்லாதீங்க.

படிப்பு கெட்டுடாதா?

கணக்குல கொஞ்சம் பின்னாடி தான் இருக்கா, கதை எழுதாத காலத்துலயும் அப்படித்தான் இருந்தா.

பாப்பா பேரு, போட்டோ ஏன் போடல?

அவ சின்னப் பொண்ணு. நெட்ல ஒரு தடவை போனா திரும்ப எடுக்க முடியாது. பெரியவளாகி அவளே போட்டுக்கணும்னா போட்டுக்கட்டும். புக்குல அவ வெச்சுக்கிட்ட பேரு இருக்கு, அது அவளும் ஆயாவும் சேந்து முடிவு பண்ணது.

புக்கு எங்க கெடைக்கும்?

மொத நூறு காப்பி தீந்துடுச்சு. அடுத்து அடிக்கும்போது நீல நண்டோட கலர் இன்னும் கொஞ்சம் தூக்கலா வரணும்னு பாப்பா சொல்லிருக்கா, அது சரியா வந்தப்புறம் தான் கொடுப்போம்.

அடுத்த புக்கு எப்போ?

கேக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா அவகிட்ட நேரா கேக்காதீங்க. இப்ப பல்லி ஒண்ணு வரைஞ்சுட்டு இருக்கா. வால் அறுந்து விழுந்து தனியா துடிக்குமே, அந்த வாலுக்கு தான் கதை, பல்லிக்கு இல்ல. நேத்து ராத்திரி லைட்ட அணைச்சப்புறம் இருட்டுல இருந்து கேட்டா, ம்மா, பல்லிக்கு புது வால் மொளைச்சுடும், விழுந்த வாலுக்கு புது பல்லி மொளைக்காதான்னு.